தும்பி பதித்த கத்தி

எங்கள் வீட்டில் கத்தி அரிசி வாளிக்குள் இருந்தது. வெங்காயம் வெட்ட வேண்டுமென்றால் அம்மா முதலில் முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி, பழைய துவாய்த் துண்டில் சுற்றிய கத்தியை வெளியே எடுப்பார். வெட்டி முடிந்ததும் கழுவித் துடைத்து, மறுபடியும் சுற்றி, வாளியின் அடிவரை இறக்கிவிட்டு, மேலே அரிசியைக் கையால் தடவி மட்டமாக்குவார். அப்போது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அரிசிக்குள் வைத்தால் கத்தி துருப்பிடிக்காது என்று நானாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளுக்குச் சொல்லியும் இருந்தேன்.

நாங்கள் ரெக்ஸ்டேலில், விமானங்கள் தாழப் பறந்து இறங்கும் பாதைக்குக் கீழே, ஓர் அடுக்குமாடியின் உச்சியில் இருந்தோம். அந்த வருடம் வீட்டில் வேறு மாற்றங்களும் நடந்திருந்தன. பல்கனிக் கதவை அப்பா திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். புறாத் தொல்லை என்றார். குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் பூட்ட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே நான் உள்ளே இருக்கும்போதெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தலையிடிக்குப் போடும் குளிசைகூட அம்மாவின் கைப்பைக்குள் இருந்தபடி அவரோடு வேலைக்குப் போய் வந்தது. எங்களைவிடக் கஞ்சத்தனமான குடும்பம் கனடாவில் இருக்காது என்று நினைத்தேன்.

எல்லாம் சின்னம்மா வந்த பிறகு நடந்தவை. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில், கடல்நீரேரியைக் கடக்கும் வள்ளத்தில் சித்தப்பாவுடனும் மகனுடனும் ஏறியவர், அக்கரையில் தனியே இறங்கினார். பிறகு கொழும்பில் கொஞ்ச நாள், எங்கெங்கோ கொஞ்ச நாள் என்று அலைந்து, கடைசியில் ஒரு சிறிய கைப்பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்த மகன் எனக்கு ஒரு வயது இளையவன். அவனை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வந்த சில மாதங்களில் சின்னம்மாவை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவின் குளிசைப் போத்தல் முழுவதையும் விழுங்கியிருந்தார். சின்னம்மாவுக்கு வயிற்றுவலி என்றுதான் என்னிடம் சொன்னார்கள். திரும்பி வந்தவரை வீட்டில் ஒரு கணமும் தனியே விட்டதில்லை. அப்பாவுக்கு இரவு வேலை, ஆகவே பகலில் அவர். மாலையில் அம்மா. சனி ஞாயிறுகளில் மாமா. இடையில், அப்பா வெளிக்கிட்டு அம்மா வந்து சேரும்வரை, நான். "சின்னம்மாவோடை இரு, பிள்ளை" என்பதுதான் எனக்கிடப்பட்ட கட்டளை. நானும் இருந்தேன், கார்ட்டூன் பார்த்துக்கொண்டு. சின்னம்மா ஹீற்றருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விமானங்கள் இறங்குவதைப் பார்ப்பார். கேட்டால் ஓம் என்பார், இல்லை என்பார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவரோடு இருக்கப் பயமாக இருந்தது.

மாமா, அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். கலியாணம் கட்டாதவர், எங்கள் வீட்டு சோபாதான் அவருடைய படுக்கை. ஒரு பக்டரியில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினார். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது: கராஜ் சேல், வீட்டு வாசலில் பழைய சாமான்களை மலிவாக விற்பது. சனிக்கிழமை விடிந்தால், அம்மா வீட்டில் நிற்கும் நேரம் பார்த்து, வானை எடுத்துக்கொண்டு எற்றோபிக்கோ வீதிகளில் சுற்றுவார். அவருடைய ஆங்கிலம் பக்டரிக்குள் தடையில்லாமல் ஓடியது, ஆனால் வெள்ளைக்காரக் கிழவிகளிடம் விலை குறைக்கும் அளவுக்கு வளையாது. அதற்கு நான் போவேன். இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு நேரம் காட்டாத மணிக்கூடு, ஒரு கால் இல்லாத கதிரை, காற்றுக்குப் பதிலாகச் சத்தம் மட்டும் தரும் விசிறி எல்லாம் வந்து சேர்ந்தன. திருத்தினால் பெறுமதியான சாமான் என்பார் மாமா. அவர் எதையும் திருத்தி நான் பார்த்ததில்லை.

ஒரு தடியும் அப்படித்தான் வந்தது. இலையுதிர்காலத்தின் கடைசி கராஜ் சேல்களில் ஒன்று. இறந்துபோன கணவரின் தச்சு ஆயுதப் பெட்டியை ஒரு மனுசி அப்படியே வாசலில் வைத்திருந்தார். சுத்தியல்களுக்கும் தூரிகைகளுக்கும் நடுவே ஒரு முழத்துக்கும் குறைந்த ஒரு தடி. மேலெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பெயின்ற் உறைந்து கிடந்தது. கணவர் அதனால்தான் பெயின்ற் கலக்குவார் என்றார் மனுசி. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. மாமாவுக்கு அது போதும். சீனாக்காரரின் ஏதோ பழைய புல்லாங்குழல் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் இழுத்தார், முறுக்கினார், முனகினார், அது அசையவில்லை. ரீவிக்கு மேலே வைத்துவிட்டு வழக்கம்போல மறந்துவிட்டார்.

மறக்காதவர் சின்னம்மா. அவர் அதை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தடியின் நடுவில் ஓர் இடுக்கு இருப்பதைக் கண்டு, அதற்குள் நல்லெண்ணெய் விட்டு, ஹீற்றருக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். அடுத்த நாள் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணெய். ஒரு பின்னேரம், என்னுடைய முறையில்தான், கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தபோது, குசினிக்குள்ளிருந்து தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுவது போன்ற சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. அம்மா வேலையால் வந்து கதவைத் திறந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் அப்படியே நின்றார்.

சின்னம்மா நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். மடியில், அந்தத் தடிக்குள் இருந்து வந்த ஒரு கத்தி. பக்கத்தில் கழன்றுபோன பிடி, உறை, மூங்கில் ஆணி ஒன்று, அந்த ஆணியைத் தள்ளி எடுத்த என்னுடைய பென்சில். ஒரு கிண்ணத்தில் கரைத்த பழப்புளி. குத்துவிளக்கு மினுக்க ஊரில் புளியும் அடுப்புச் சாம்பலும் எடுப்பார்கள். ரெக்ஸ்டேலில் அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது? றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்று டப்பா திறந்து கிடந்தது.

"என்னடி செய்யிறாய்?" என்று அம்மா கேட்டார். மிக மெதுவாகக் கேட்டார். நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

"துருப்பிடிச்சுக் கிடந்துது, அக்கா. பாக்கப் பொறுக்கேல்லை" என்றார் சின்னம்மா.

அம்மா குனிந்து கத்தியை வாங்கினார். சின்னம்மா தடுக்கவில்லை. பிறகு அம்மா சுவரோடு சாய்ந்துகொண்டு அழுதார். புளி வீணாகிவிட்டதே என்று அழுகிறார் என்று நினைத்தேன். கஞ்சக் குடும்பம் என்று முதலே முடிவு செய்திருந்தேன் அல்லவா.

மாமா வந்ததும் குளியலறைக்குள் வைத்து விசாரணை நடந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, எல்லாம் கேட்டது. "இந்த வீட்டுக்கையோ அண்ணை கத்தி கொண்டு வந்தனியள்? உங்களுக்கு மூளை இருக்கோ?" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அது கத்தி என்று தனக்குத் தெரியாது என்று மாமா சத்தியம் செய்தார். அதன்பின் மாமா சொன்னார்: "அவள் கதைச்சவள் எல்லே, தங்கச்சி. தானாய் எழும்பி ஒரு வேலை செய்தவள் எல்லே."

கத்தியும் உறையும் வானுக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. பக்டரியில் யாரோ ஒருவர், இது ஜப்பான் கத்தி என்று சொல்லி, இப்படியானவற்றைத் தீட்டித் திருத்தும் ஜப்பானியக் கிழவர் ஒருவரின் முகவரியை மாமாவுக்குக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் புறப்பட்டபோது சின்னம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். கூப்பிடாமல் அவர் கோட் போட்டது அதுதான் முதல் தடவை. அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். மாமா அம்மாவைப் பார்க்காமல் கதவைத் திறந்தார்.

கிழவர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தார். ஒரு தொட்டியில் தண்ணீர், அதன் ஓரத்தில் விதவிதமான நிறங்களில் சாணைக்கற்கள். மூலையில் ரீவியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. பற்றவைக்காத சிகரெட் ஒன்றை வாயில் வைத்தபடி எங்களைப் பார்த்து முதலில் சொன்னது, தன்னிடம் விற்க முயற்சி செய்யவேண்டாம் என்பதுதான். கனடாவிலேயே பிறந்தவர், என் ஆசிரியையைப் போலவே ஆங்கிலம் பேசினார். மாமா துணியை விரித்தார். கிழவர் கத்தியை எடுத்து, பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியைப் பார்த்தார். சிகரெட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

யார் இதை உரசியது என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மாமா ஏதோ பொய் தயாரித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மா வகுப்புப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். எதனால் உரசினார் என்று அடுத்த கேள்வி. பழப்புளிக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. புளிப்பான ஒரு பழமும் கடவுளின் சாம்பலும் என்றேன். கிழவர் கண்ணை மூடித் திறந்தார்.

கத்தியின் அலகை எத்தனை தரமும் தீட்டலாமாம். ஆனால் வாலைத் தொடவே கூடாதாம். அதில் படிந்த கறுப்பு அழுக்கு அல்ல, வயது. எத்தனை பழையது, எந்த ஊர்ப் பக்கத்தில் அடித்தது என்பதையெல்லாம் அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். அடித்தவரின் பெயரும் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கும். சின்னம்மா எல்லாவற்றையும்விட அதைத்தான் அழுத்தி மினுக்கியிருந்தார். வெள்ளிக் கரண்டிபோல ஆக்கியிருந்தார். கிழவர் விளக்கைச் சரித்து, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் தேடினார். உளியின் சில கீறல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. பெயரை வாசிக்க முடியவில்லை என்றார். இருநூறு வருடமாவது இருக்கும், அதற்குமேல் தான் சொல்வது ஊகம்தான் என்றார். நான் இதை மொழிபெயர்த்தபோது சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சிறியது, விரல் வழுக்காமல் தடுக்கும் காப்பு இல்லாதது, ஆகவே பெண்ணுடைய கத்தியாக இருக்கலாம் என்றார் கிழவர். அந்தக் காலத்தில் கலியாணம் கட்டிப் போகும் பெண்ணுக்குத் தாய்வீட்டில் கொடுத்து விடுவார்களாம். அவள் அதை இடுப்புப் பட்டிக்குள் சொருகி வைத்திருப்பாள். எதற்கு என்று நான் கேட்டேன், அது என் சொந்தக் கேள்வி. தன்னைக் காப்பாற்ற என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காப்பாற்ற முடியாவிட்டால், எதிரியிடம் பிடிபட முன்னர் அவள் அதைத் தன்மீதே பயன்படுத்துவாள் என்றும் சொன்னார்.

எனக்கு என் தமிழில் பெருமை. ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். மாமா ஹொக்கியைப் பார்த்தார். அவருக்கு ஹொக்கியில் எது கோல் என்றே தெரியாது. சின்னம்மா மட்டும் சாதாரணமாக ஓமென்று தலையாட்டினார், கடையில் ஒரு சாமானின் உபயோகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரைப்போல.

கத்தியைப் பற்றி எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்ட ஆசை. ஆகவே நான் கிழவருக்கு உபயோகமான ஒரு செய்தி சொன்னேன். எங்கள் வீட்டுக் கத்தி துருப்பிடிப்பதே இல்லை, ஏனென்றால் அம்மா அதை அரிசி வாளிக்குள் ஒளித்து வைப்பார். இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். கிழவர் என்னைப் பார்த்தார். வீட்டில் எப்போதிலிருந்து அப்படி என்று கேட்டார். சின்னம்மா ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், எழுந்து போய் ரீவியை நிறுத்தினார்.

திரும்பி வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது. பெயின்ற் அப்பிய பிடியைச் சின்னம்மாவிடம் நீட்டி, இதைத் தடவிப் பார்க்கச் சொல்லு என்றார். பெயின்ற் உரிந்த ஓர் இடத்தில் வெள்ளையாக, மணல்மணலாக ஏதோ தெரிந்தது. சின்னம்மா பெருவிரலால் ஒருமுறை தடவினார். "இது திருக்கைத் தோலெல்லே" என்றார் உடனே. கடற்கரை ஊரில் பிறந்தவருக்குத் திருக்கையைத் தெரியாதா? நான் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், வால் நீளமான தட்டை மீன் என்று கையை விரித்துக் காட்டினேன். கிழவர் முதல் தடவையாகச் சிரித்தார். அலகு தன்னிடம் இருக்கட்டும், மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. பிடியும் உறையும் சின்னம்மாவிடம் போகட்டும், அவருக்குப் பொறுமை இருக்கிறது, ஆனால் புளி மட்டும் வேண்டாம் என்றார். முனை மழுக்கிய மூங்கில் குச்சிகளும் ஒரு மென்மையான தூரிகையும் தந்தார். ஒவ்வொன்றின் முனையையும் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

புறப்படும்போது இன்னொன்றும் காட்டினார். சுவரில் அழகான உறையோடு ஒரு கத்தி மாட்டியிருந்தது. இழுத்தார், உள்ளே மரத்தால் செய்த அலகு. எஃகு அலகு ஈரம் படாமல் தனியே ஒரு வெள்ளை மரக்கூட்டுக்குள் உறங்குமாம். அலங்காரப் பிடியும் உறையும் நெளிந்து போகாமல் இருக்க அவற்றுக்குள் மரக்கத்தி ஒன்று போட்டு வைப்பது அவர்கள் வழக்கமாம். வெளியே பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கும் ஒன்று செய்து தருவேன் என்றார். எனக்கு அது சுத்த ஏமாற்று வேலையாகப் பட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சின்னம்மா ஜன்னலோரம் இருந்து பெயின்றைச் சுரண்டினார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, இளகும்வரை காத்திருந்து, குச்சியால் நெம்புவார். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் விரல்நகம் அளவு இடம் வெளியே வரும். உறையில் கறுப்பு அரக்கு மினுங்கத் தொடங்கியது. நான் பஞ்சு உருட்டிக் கொடுப்பேன். சின்னம்மா சுகமாகிவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். குச்சியைக் கையில் வைத்தபடி பின்னேரம் முழுவதும் அசையாமல் இருந்த நாட்கள் உண்டு. சாப்பாட்டைத் தொடாத நாட்கள் உண்டு. அம்மா கத்தியை அரிசிக்குள் இன்னும் ஆழமாக இறக்கினார். அலகு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அம்மாவும் அப்பாவும் மாமாவும் தனித்தனியாகக் குசுகுசுத்தார்கள். அதைக் கொண்டுவந்தால் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று அம்மா சொன்னதை நான் கேட்டேன். கொண்டு வராவிட்டால் அவள் மனம் விட்டுவிடுவாள் என்றார் மாமா.

பிடியின் பக்கவாட்டில் பெயின்ற் தடித்து ஒரு கட்டிபோல இருந்தது. சின்னம்மா அதைக் கடைசிக்கு விட்டிருந்தார். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அது பாதி திறந்திருந்தது. உள்ளே செம்பில் வார்த்த ஒரு சின்னப் பூச்சி. ஒரு சிறகு, பிறகு இன்னொன்று, நீண்ட வால். "தும்பி" என்றார் சின்னம்மா. மறுபக்கத்திலும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, என்னிடம் என்றில்லாமல் சொன்னார்: "அவன் தும்பி பிடிச்சு வாலிலை நூல் கட்டுவான். பாவமடா, விடடா எண்டு நான் ஏசுவன். விடமாட்டான். நித்திரையாப் போன பிறகு நான்தான் அவிட்டு விடுறது."

மகனைப்பற்றி அவர் சொன்னதை நான் கேட்டது அன்றைக்குத்தான். தும்பிக்கு நூல் கட்டினால் அது பறக்குமா என்று கேட்டேன். "கொஞ்சத் தூரம் பறக்கும்" என்றார். பின்னர் எழுந்து போய்ப் படுத்தவர், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எழும்பவில்லை. அம்மா வேலைக்குப் போகாமல் கட்டில் விளிம்பில் இருந்தார்.

பனி கரையத் தொடங்கியபோது கிழவர் தொலைபேசி எடுத்தார். அம்மா வேலையில் இருந்த ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் அந்த அலகு. புளி படாத இடத்துத் துருவையும் பார்த்தவள் நான், புளிக்குப் பிந்திய பளபளப்பையும் பார்த்தவள். இது இரண்டும் இல்லை. அமைதியான ஒரு வெளிச்சம், வெட்டும் விளிம்பை ஒட்டி அதிகாலைப் பனிமூட்டம்போல ஒரு வெண்கோடு. வால்பகுதி மட்டும் எங்கள் கைவண்ணத்தில் வெளிறிப்போய்க் கிடந்தது. அது இனி ஒருநாளும் பழையபடி வராது, கறுக்க இன்னும் ஒரு நூறு வருடம் வேண்டும் என்றார் கிழவர்.

சின்னம்மா கொண்டுவந்த பிடியையும் உறையையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தும்பிகளைக் கண்டதும் சின்னம்மாவைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அலகைப் பிடிக்குள் செலுத்தி, மூங்கில் ஆணியைத் தட்டிப் பொருத்தி, துணியோடு சேர்த்துச் சின்னம்மாவின் இரண்டு கைகளிலும் வைத்தார். மாமா கதிரையிலிருந்து பாதி எழுந்தார். கிழவர் மாமாவை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கூரோ என்று கேட்கச் சொன்னார் சின்னம்மா. நன்றாகக் கூர் என்றார் கிழவர். சின்னம்மா வெகுநேரம் அதைப் பார்த்தார். அந்த அறையில் எல்லோரும் ஏன் மூச்சுவிடாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பசித்தது. கடைசியில் சின்னம்மா கத்தியை மேசையில், தன் பக்கம் பிடியும் சுவர்ப்பக்கம் முனையுமாக வைத்தார். பின்னர் கொஞ்சம் யோசித்து, அதைத் திருப்பி, பிடியைக் கிழவரின் பக்கம் தள்ளினார்.

"அண்ணை, இதை வீட்டை கொண்டு போக வேண்டாம். இவரோடையே இருக்கட்டும்."

"ஏன்? நீயெல்லே இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டனி?" என்றார் மாமா.

"எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை, அண்ணை. இண்டைக்குப் பரவாயில்லை. நாளைக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது."

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கிழவர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்கு அது தெளிவாகவே விளங்கியிருந்தது. சின்னம்மாவுக்குத் தன்மீது நம்பிக்கை இல்லை, கத்தி வீட்டில் இருந்தால் என்றாவது ஒருநாள் ஆசையை அடக்கமுடியாமல் மறுபடியும் புளியும் திருநீறும் போட்டு உரசிவிடுவார், அதற்குத்தான் பயப்படுகிறார் என்று விளக்கினேன். கிழவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லு. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லு. அப்படியே சொன்னேன்.

ஆணியைக் கழற்றி, எஃகை எடுத்து, அவர் ஏற்கெனவே செய்து வைத்திருந்த மரக்கத்தியை அந்தப் பிடிக்குள் போட்டுத் தந்தார். சின்னம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வேலையால் வந்திருந்து வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, தங்கையின் கையில் அதைக் கண்டதும் சுவரைப் பிடித்தார். கறுப்பு உறை, செம்புத் தும்பி, எல்லாம் பூரணமாக இருந்தது. "இழுத்துப் பார், அக்கா" என்று சின்னம்மா நீட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். வெறும் மரம்.

"அரிசிக்கை கத்தி கிடக்கிறது எனக்கு முதலே தெரியும், அக்கா" என்றார் சின்னம்மா. "அது அங்கையே கிடக்கட்டும். இப்ப வெளியிலை எடுக்க வேண்டாம்."

அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சப்பாத்துகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருவரும் அழுதார்கள். மாமா வானைப் பூட்டினேனா என்று பார்த்துவருவதாகச் சொல்லிக் கீழே போனார்.

சின்னம்மா இப்போது மார்க்கம் என்ற நகரில் இருக்கிறார். நல்ல நாட்களும் கெட்ட நாட்களுமாக நாட்கள் போகின்றன, கெட்ட நாட்களில் அவராகவே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுவார். மரக்கத்தி அவருடைய அலுமாரியில் இருக்கிறது. எஃகு திரும்பி வரவில்லை. கிழவர் உயிரோடு இருந்தவரை சின்னம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஆனால் மரக்கத்தி வந்த அன்றைக்கு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கப் பஞ்சு உருட்டியவள் நான். அவ்வளவு அழகான கத்தி யாரோ ஒரு கிழவரின் வீட்டில், எங்களிடம் ஒரு மரத்துண்டு. எல்லாம் ஒரு புளிப் பைக்கற்றால் வந்த வினை. சின்னம்மாவால் தன்னை அடக்க முடியாதென்றால், அவருடைய கண்ணில் அது படாமல் செய்ய வேண்டியதுதானே? அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, புளிப் பைக்கற்றையும் திருநீற்று டப்பாவையும் எடுத்து என்னுடைய பனிச் சப்பாத்துக்குள் ஆழமாகத் திணித்து, மேலே காலுறையை அடைத்தேன்.

அடுத்த நாள் அம்மா குழம்பு வைக்கப் புளியைத் தேடினார். குசினியில் எல்லா அலுமாரியும் திறந்து மூடப்பட்டது. நான் முழிசிக்கொண்டு நின்றதைச் சின்னம்மா கண்டுவிட்டார்.

"நீயோ எடுத்தனி?"

"ஓம். ஒளிச்சு வைச்சிட்டன்."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் காணாமல் இருந்தா, கத்தியை வீட்டை கொண்டு வரலாம் எண்டு."

சின்னம்மா என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிப் பிடித்தார். விலா நோகும்வரை பிடித்தார். என் உச்சந்தலை நனைந்தது. கோபத்தில்தான் அப்படிச் செய்கிறார் என்று பயந்துபோனேன். எங்கே வைத்தாய் என்று அம்மா கேட்டார். நான் சொல்லவில்லை. ஒளித்து வைத்தவர் இடத்தைச் சொல்வதில்லை என்பது எங்கள் வீட்டில் நான் பார்த்துப் பழகிய முறை. அம்மா மறுமுறை கேட்கவுமில்லை. அன்றைக்குப் புளியில்லாத குழம்புதான். வழக்கமாக உப்புக் குறைந்தாலே முகத்தைச் சுளிக்கும் அப்பாவும் மாமாவும் அதை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்கள். ஒரு புளிப் பைக்கற்றுக்காக ஏன் என்னை யாருமே ஏசவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.